நான் வாசிக்காத மூன்றாம் பாகம்

புதுப் புத்தகமொன்றின் முதுகைச் சவர அலகால் கீறும்போது ஒரு சத்தம் வரும். கிண்ணியாவிலிருந்து வரும் நானா, நாங்கள் அண்ணன் முறையில் அப்படி அழைக்கும் புத்தகம் கட்டுபவர், அதை எங்கள் கண்முன்னே தயக்கமில்லாமல் செய்வார். புத்தகத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகத் தைத்து, பழைய கலண்டர் மட்டையை அட்டையாக ஒட்டித் தருவார். முதல்முறை பார்த்தபோது ஐயோ என்று கையை நீட்டித் தடுக்கப் போனேன். பிறகு பழகிவிட்டது. திருகோணமலைக் கடைக்கு நல்ல அறிவியல் புத்தகம் வந்தால் ஒரு பிரதிதான் வரும். எங்கள் வாசிப்பு வட்டத்திலோ ஒன்பது பேர். ஒருவர் முடிக்கும்வரை எட்டுப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க முடியாது என்று நானா கண்டுபிடித்த வழி அது. மூன்று பாகங்களும் ஒரே காலத்தில் மூன்று வீடுகளில் இருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடிக் கதைத்து, பாகங்களைக் கைமாற்றிக்கொள்வோம்.

இதற்கு ஒரேயொரு நிபந்தனை இருந்தது. புத்தகத்தைப் பரிந்துரைப்பவர், அதை அலகு தொடுவதற்கு முன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்திருக்க வேண்டும். பிரித்தபின் எவர் கையிலும் முழுப் புத்தகம் இராது. முழுவதும் தெரிந்த ஒருவராவது கூட்டத்தில் இருக்க வேண்டும் அல்லவா? பெரும்பாலும் அந்த ஒருவர் நான்தான். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள், ஆகவே என் பரிந்துரைக்கு மறுபேச்சு இருக்கவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. தேவைக்கு அதிகமாகவே பிடித்திருந்தது என்று இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

என் பரிந்துரைகளை எல்லோரையும்விட மதித்தவர் சுக்கானியார். துறைமுகத்தில் இழுவைப் படகின் சுக்கான் பிடித்து ஓய்வுபெற்றவர், உட்துறைமுக வீதிப் பக்கம் மனைவியோடு இருந்தார். அவரைப் போல் அறிவியல் புத்தகம் வாசித்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பென்சிலும் கையுமாக இருந்து, நம்பியதற்கு ஒரு கோடு, நம்பாததற்கு இரண்டு கோடு போடுவார். கடலின் வற்றுப்பெருக்கு பற்றிய புத்தகமொன்றை நான் வானளாவப் புகழ்ந்தபோது, தன் துறைமுகத்தில் தண்ணீர் ஓரடி, இரண்டடிக்கு மேல் ஏறி இறங்கிக் கண்டதில்லையே, அது ஏன் என்று எழுதிய மனிதர் சொல்லவில்லையே என்று குறைப்பட்டார். எழுதியவரை மடக்குவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். நல்ல அறிவியல் புத்தகம் சொல்வது எங்கள் ஊரிலும் சரிவர வேண்டும் என்பது அவருடைய அளவுகோல். இன்றும் யாராவது என்னிடம் பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால், அந்த அளவுகோலால்தான் அளந்து பார்க்கிறேன்.

எழுதியவரைச் சந்தேகிப்பாரே தவிர, என்னைச் சந்தேகிக்கமாட்டார். அதற்கு அவருடைய தொழில் காரணம் என்று நினைக்கிறேன். பெரிய கப்பலின் பக்கத்தில் இழுவைப் படகை வைத்துத் தள்ளும்போது, சுக்கான் பிடிப்பவருக்குத் தெரிவது கப்பலின் இரும்புச் சுவர் மட்டும்தானாம். முன்னால் என்ன வருகிறது என்பதைக் கப்பலின் மேல் நின்று வழிகாட்டும் பைலட்தான் வயர்லெஸ்ஸில் சொல்வார். அவர் திருப்பு என்றால் திருப்ப வேண்டும். அந்தக் குரலை நம்பி முப்பது வருடம் ஓட்டியவர் அவர்.

நான் சொல்ல வந்த புத்தகம், உடம்பு சர்க்கரையை எப்படிக் கையாளுகிறது என்பதைப் பற்றியது. கதை மாதிரி எழுதப்பட்டிருந்தது. பாடசாலை விடுமுறையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே மூச்சில் வாசித்தேன். அதற்குள் தவணை தொடங்கி, மேசை நிறைய விடைத்தாள் சேர்ந்துவிட்டது. வட்டம் கூடும் சனிக்கிழமை வந்தபோது கடைசிப் பங்கு அப்படியே கிடந்தது. அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மாதமாக அந்தப் புத்தகத்தைப் பற்றி எல்லோருக்கும் ஆசை காட்டி வைத்திருந்தவள் நானே. நானா அலகைக் கையில் வைத்துக்கொண்டு, முழுக்க வாசித்தாயிற்றா என்று வழக்கம்போல் கேட்டார். ஓம் என்றேன். பிறகு, குறிப்பெடுக்க வேண்டும் என்று சாட்டுச் சொல்லி, மூன்றாம் பாகத்தை நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அது அலுமாரியில் போய் இருந்தது; குறிப்பு இன்னும் முடியவில்லை என்று அடுத்தடுத்த கூட்டங்களிலும் கைமாற்றாமல் வைத்துக்கொண்டேன்.

சுக்கானியாருக்கு நீரிழிவு இருந்தது. வைத்தியசாலைக் கிளினிக்கில் கொடுத்த குளிசைகளைப் பல வருடமாக விழுங்கி வந்தவர். முதலாம் பாகம் அவர் கைக்குப் போனது, அடுத்த மாதம் இரண்டாவது போனது. அந்த இரண்டாம் பாகம், சாப்பாட்டை மாற்றினால் உடம்பே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையோடு முடிகிறது. அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கும் நேரம் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கமெல்லாம் ஒற்றைக் கோடாக இருந்த அந்தப் பாகத்தைக் காட்டினார்.

"மூண்டாம் பாகத்தில இதை மறுத்து ஏதும் வருகுதோ, ரீச்சர்?"

"இல்லை ஐயா. அதே கதைதான். உதாரணங்கள்தான் கூட."

எவ்வளவு இலகுவாகச் சொன்னேன். பொய் சொல்கிறேன் என்ற உறுத்தல்கூட அப்போது இருக்கவில்லை. இரண்டு பங்கை வாசித்தவளுக்கு மூன்றாவது பங்கு ஊகிக்கக்கூடியதுதான் என்று எண்ணினேன். ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கவும் தோன்றவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து குளிசையை நிறுத்திவிட்டார். மனைவிக்கும் சொல்லவில்லை. சோற்றைக் குறைத்து, மாலையில் கடற்கரையோரம் நடந்து, பெட்டியில் குளிசைகள் சேர்வதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறார். அந்த நடையில்தான் ஒருநாள் காலில் ஆணி குத்தியது.

அடுத்தடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. புண் ஆறாமல் அழுகி, பாதத்தையே எடுத்துவிட்டார்கள் என்று நானாதான் வந்து சொன்னார். நான் பிஸ்கட்டும் பழமுமாக வைத்தியசாலைக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, குளிசையை விட்டது இவ்வளவு நாளும் தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அழுதார். குளிசை குடித்திருந்தாலும் இப்படி வந்திருக்கக்கூடும், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னாராம். அந்த வாக்கியத்தை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். கட்டிலில் கிடந்தவரோ என்னைத் தேற்றினார். "புத்தகத்தில பிழையில்லை ரீச்சர், நான்தான் அவசரப்பட்டனான்." அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் இரண்டு வருடம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாம் பாகத்தைத் தொடவுமில்லை, வட்டத்தில் யார் கேட்டாலும் கொடுக்கவுமில்லை. அதில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பார்க்காதவரை அந்த ஆறுதலாவது எனக்கு மிஞ்சும். சென்ற வருடம் சுக்கானியார் நானாவிடம் சொல்லியனுப்பினார்: கண்ணும் மங்கிவிட்டது, வாசிக்க ஏலாது, அந்தக் கடைசிப் பாகத்தை ரீச்சர் ஒருக்கால் வந்து வாசித்துக் காட்டினால் நல்லது. என்ன சாட்டுச் சொல்லலாம் என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஓட்டோ பிடித்துப் போனேன்.

அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்து அட்டையைத் திறந்தேன். நானாவின் பசை எப்போதும் கொஞ்சம் கசிந்து, முதல் இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒரு பாகத்தை முதலில் வாசிப்பவர்தான் அதை இழுத்துப் பிரிக்க வேண்டும். பிரித்தேன். சரக்கென்ற அந்தச் சத்தம் அறை முழுவதும் கேட்டது. அவர் எத்தனையோ பாகங்களைத் தன் கையால் பிரித்தவர்; குறிப்பெடுத்த பாகம் இப்படி ஒட்டியிருக்காது என்று தெரிந்தவர். முகத்தை என் பக்கம் திருப்பினார். "வாசியுங்கோ" என்றார்.

வாசித்தேன். எட்டாவது பக்கத்தில் அது இருந்தது. ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் இதை நம்பித் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து, முன்பு சொன்னதெல்லாம் அவர்களுக்கு அப்படியே பொருந்தாது என்று எழுதியவர் தெளிவாக, கெஞ்சாத குறையாக எழுதியிருந்தார். கண் அந்தப் பந்தியை முதலில் பார்த்துவிட்டது. தாண்டிப் போய்விடலாம், அவருக்குத் தெரியவா போகிறது என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். அதுதான் என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த மிகக் கேவலமான விஷயம். பிறகு ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். குசினியில் அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே, ரீச்சர். நான் ஒரு மாதம் பொறுத்திருப்பன்."

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் மீதியையும் வாசிக்கச் சொன்னார். அந்தப் பாகம் முடிந்து, அதன்பின் வேறு நான்கு புத்தகங்களும் முடிந்துவிட்டன. சனிக்கிழமை தவறாமல் போகிறேன். இப்போது எந்தப் புத்தகத்தையும் இரண்டு தரம் முழுதாக வாசித்த பின்பே கொண்டுபோகிறேன். நட்சத்திரம், திமிங்கிலம், மூளை என்று எல்லாவற்றையும் கேட்கிறார், எழுதியவரோடு முன்போலவே மல்லுக்கட்டுகிறார். ஒரு பாகம் முடியும் இடத்தில், இனி என்ன வரப்போகிறது என்பதை அவருக்குச் சொல்லிவிட நான் ஆயத்தமாக இருப்பேன். அவர் அதைக் கேட்பதே இல்லை.