எங்கிட்டு நின்னா என்ன சார்

எங்கள் கம்பெனி பஸ் காலை ஐந்தே முக்காலுக்குத் திருக்கோகர்ணத்தில் புறப்படும். ஏறுகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்து, எப்படிப் போகுது என்று டிரைவர் முத்துராஜ் அண்ணன் கேட்பார். அதற்கு யாரும் நல்லா இருக்கேன் என்று சொல்லக்கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் சொன்னவளை, சூப்பர்வைசருக்கு வேண்டியவள் போல என்று பேசிவிடுவார்கள். சேர்ந்த புதிதில் நான் ஒரு நாள் அப்படிச் சொல்லிவிட்டு ஒரு வாரம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதனால் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தோம். குப்பை கொட்டப் போறேன் என்பது எல்லாருக்கும் பொது. மாரடிக்கப் போறேன் என்பது முதல் நாள் திட்டு வாங்கியவளுடையது. இன்னைக்கு எழுதிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை என்று ஒருத்தி நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எழுதுவதற்கு அவளிடம் ஒரு பேனா கூடக் கிடையாது.

அழகியக்காவிடம்தான் சரக்கு அதிகம். பிறந்தது கீரமங்கலம், வாழ்க்கைப்பட்டது திருக்கோகர்ணம். நாற்பத்தாறு வயது. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நார்த்தாமலை தாண்டித் திருச்சி ரோட்டில் கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் எங்கள் கம்பெனியில் அக்கா ஒன்பது வருடமாக நிற்கிறார். வேலை பார்க்கிறார் என்று எழுதலாம்தான். நிற்கிறார் என்பதுதான் உண்மை. ஆளுயரப் பலகை நகர்ந்து வரும். அதில் ஒயர்களை வரிசையாகப் பதித்து டேப் சுற்ற வேண்டும். சுற்றி முடிப்பதற்குள் அடுத்த பலகை வந்து நிற்கும். எட்டு மணி நேரமும் இதேதான்.

"ஒடம்பு உள்ள போகுது, உசிரு கேட்டுலயே நின்னுக்கிருது" என்பார் ஒரு நாள். மெஷினுக்கு ரிப்பேர்னா திருச்சியிலேருந்து ஆளு வாரான், நமக்கு யாரு வாரா என்பார் இன்னொரு நாள். பஸ்ஸே சிரிக்கும். அக்கா சிரிக்க மாட்டார். டிக்கெட் கேட்கிற கண்டக்டர் மாதிரி, எதுவும் ஒட்டாத குரலில் சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்காருவார்.

அவரிடம் எதையும் இரண்டு தடவை கேட்க வேண்டும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். முதல் தடவை கேட்டால் வசனம் வரும். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டால்தான் பதில் வரும். சாப்பாடு போதுமா என்று கேட்டால் கூட அப்படித்தான். அக்கா மட்டுமில்லை, அந்த பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். வேலையைப் பற்றிக் கேட்டால் வாய் தானாகச் சொல்லும், மனசு பின்னால் மெதுவாக வரும்.

தை முடிந்ததும் ஒரு நாள் பஸ்ஸில் அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். கெண்டைக்காலில் நரம்புகள் பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தன. கணுக்காலுக்கு மேலே தோல் கருத்துப்போயிருந்தது. நிற்கிற வேலையை விட்டுவிடு, இல்லையென்றால் புண் வரும், வந்தால் லேசில் ஆறாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கம்பெனியில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார் அக்கா. நாங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். நிற்க முடியாது என்று தெரிந்தால் அடுத்த வாரமே வேறு ஆள் நிற்பாள்.

பங்குனியில் லேபிள் செக்‌ஷனில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள், இனி வர மாட்டாள் என்றார்கள். கம்பெனி முழுக்க எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து பார்க்கிற வேலை அது ஒன்றுதான். எச்.ஆர். ரகுநாத் சார் வந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. மரியாதையான பிள்ளை. வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல் சர்வீஸ் வரிசைப்படி கேட்கலாம் என்று கையில் பட்டியலோடு டீ நேரத்தில் வந்தார். முதல் பெயர் அழகியக்கா. டீ வரிசையில் அவருக்கு நேர் பின்னால் நான் நின்றிருந்தேன்.

"லேபிள் செக்‌ஷன்ல ஒரு எடம் இருக்குங்க. உக்காந்து பாக்குற வேலை. திங்கக்கிழமையிலேருந்து போறீங்களாக்கா?"

அக்கா டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். "எங்கிட்டு நின்னா என்ன சார். எல்லாம் ஒரே பொழப்புதான்."

பின்னால் நின்றவர்கள் பழக்கத்தில் சிரித்தார்கள். அக்கா டீயை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். ரகுநாத் சாருக்கு மறுபடி கேட்கத் தெரியவில்லை. சரிங்க என்று பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைப் பார்த்தார். அது என் பெயர்.

சார், அவங்ககிட்ட இன்னொரு தடவை கேளுங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும், அந்தக் காலைப் பார்த்தவள் நான். நான் சொன்னது "சரி சார்." முதுகு வலிக்காகத்தான் சம்மதித்தேன் என்று வீட்டில் சொன்னேன். எனக்கு முதுகு வலி கிடையாது.

மறுநாள் வீடு திரும்பும் பஸ்ஸில் அக்கா, "அவரு என்ன கேட்டாருங்குறதே வீட்டுல படுக்கையிலதான் ஒறைச்சுச்சு" என்றார். காலையில் ஷிப்ட் தொடங்கும் முன் ரகுநாத் சார் அறைக்குப் போயிருக்கிறார். அவர் எழுந்து நின்று, நேத்தே சொல்லியிருக்கலாமே, அடுத்தவங்க பேருல லெட்டர் மேலே போயிருச்சே என்று வருத்தப்பட்டாராம். காலைப் பற்றிச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. சரி சார் என்று வந்துவிட்டார். இதையெல்லாம் என்னிடமே சொன்னார், கோபமே இல்லாமல். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு லேபிள், ஒட்டினேன். சித்திரை போனது, வைகாசி போனது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்பது தெரியும். எடையை ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார். நானும் பார்ப்பேன். பார்த்துவிட்டு அடுத்த லேபிளை எடுப்பேன்.

ஆனியில் ஒரு நாள் அக்கா பஸ்ஸின் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். முத்துராஜ் அண்ணன் வழக்கம்போலக் கேட்டார். இன்றைக்கு என்ன சொல்லப் போகிறார் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

"காலு வலிக்குதுங்க" என்றார் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துவிட்டு கியரைப் போட்டார்.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புண்ணு வச்சுருச்சு சுடரு என்றார். சேலைக்குக் கீழே கட்டுத் தெரிந்தது. நான் போய் சார்கிட்ட சொல்றேன், நீங்க அந்த நாற்காலிக்கு வந்துருங்க என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நார்த்தாமலை வரும்வரை அதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். வாயைத் திறந்தேன்.

"என்னக்கா பண்றது. நம்ம தலையெழுத்து."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாத்தா என்றார். கம்பெனி வாசலில் பஸ் நின்றது. அவர் முதலில் இறங்கட்டும் என்று நான் ஒதுங்கி வழிவிட்டேன்.