பெர்னதெத்தின் கல்லுத் தண்ணீர்

1954 வரை, கன்னடம் கலந்த தமிழ் பேசும் நீலசந்திராவின் கோடியில் பெர்னதெத் குத்தகைக்கு எடுத்திருந்த அரை ஏக்கரில் புல்கூட முளைக்க யோசித்தது. மேல்மண்ணை நிலத்துக்காரர் கோவிந்தப்பா முன்பே செங்கல் சூளைக்கு விற்றிருந்தார். குத்தகை பேசியபோது அதைச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குள் கீரை தலைகாட்டாவிட்டால் நிலமே சூளைக்கு என்று பிறகு நோட்டீஸ் மட்டும் முறையாகக் கொடுத்தார். அது இன்றும் பத்திரமாக இருக்கிறது.

கணவன் ரெமிஜியஸ் கல்லறைக் கற்கள் இழைப்பவன். கருங்கல் தூள் கொட்டிய பட்டறை ஓரத்தில் மட்டும் செடிகள் இடுப்பளவு வளர்வதைப் பெர்னதெத் கவனித்திருந்தாள். மாவு போன்ற அந்தத் தூளைச் சாணம், வெல்லத்துடன் கரைத்து, பானைகளில் புளிக்கவிட்டு, வயலெங்கும் புதைத்தாள்.

"என்ன பெர்னா பொதைக்கிறே?" என்றாள் குழாயடியில் எல்லம்மா.

"கல்லுத் தண்ணிக்கா. பானை பானையா!"

நீலசந்திராவின் நாக்குக்கு ல-வும் ள-வும் ஒன்றே. சந்தையை அடைவதற்குள் கல்லு கள்ளாகிவிட்டது. மாலையில் வேலியோரம் சொம்புகளோடு ஒரு கூட்டம்.

"யக்கா, நமக்கு மட்டும் இல்லியா?"

மறுநாள் கலால் இன்ஸ்பெக்டரே கடப்பாரை ஆட்களோடு வந்து இறங்கினார்.

"சார், அது கல்லு சார்!"

"அதைத்தாம்மா நாங்களும் சொல்றோம்!"

ஏர்மாடுகள் மறுத்துத் திரும்பிய தரையை முழங்கால் ஆழத்துக்குக் கிண்டினார்கள். பானைகள் உடைந்து கரைசல் மண்ணில் பாய்ந்தது. "எல்லாம் போச்சே!" என்று ரெமிஜியஸ் தலையில் கைவைத்தான். பெர்னதெத்துக்கோ, புரண்டு கறுத்த மண்ணைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு தொண்டையை முட்டியது.

இன்ஸ்பெக்டர் உடைந்த பானையொன்றில் விரலை விட்டு நக்கினார். "தூ! சாணி!"

"வெல்லமும் இருக்கு சார்," என்று அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். "அந்தக் கீழ்மூலையை மட்டும் விட்டுட்டீங்களே. சந்தேகம் எதுக்கு? அங்கேயும் பார்த்துடுங்க."

அதையும் தோண்டினார்கள். அந்த வாரமே மழை பிடித்தது; பெர்னதெத் கீரை விதை தூவினாள்.

டிசம்பரில் நோட்டீஸை நிறைவேற்ற வந்த கோவிந்தப்பா, முழங்கால் உயரத் தண்டுக்கீரையைக் குனிந்து தடவிப் பார்த்தார். சூளைப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அருகில் வந்தார்.

"ஏம்மா, ஆனேக்கல் ஊர்ல நமக்கு ஒரு ஹொலம், இதே மாதிரி நெலம், சும்மா கெடக்கு. அங்கேயும் யாரோ கள்ளு பொதைச்சிருக்காங்கன்னு கலால் ஆபீசுல ஒரு மாத்து, ஒரே ஒரு வார்த்தை, சொல்லி வையேன்!"