மலாக்கா ஸ்டேஷனுக்கு ஒரு கோடு

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் நான் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். தொழில்நுட்பப் படிப்பு முடித்துக் கிடைத்த முதல் வேலை. மலாக்கா நகரத்துக்குப் புதிய படம் தயாரானது. அதில் காஜா பெராங் பகுதிக்கான தாள் என் மேசைக்கு வந்தது. எங்கள் வீடும் அங்கேதான்.

தாளில் ரயில் பாதையும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை. தம்பினிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் இருந்த பழைய படங்களும் போரில் தொலைந்தன. மிஞ்சியது பிளாட்பாரமும் வாசற்படியும் ஆளுயர லாலாங் புல்லும். அந்தப் பாதையில்தான் என் அப்பா தினமும் சுத்தியலால் ஆணிகளைத் தட்டிப் பார்த்தபடி நடந்தார். என் பெயரில் வெளிவரும் முதல் படத்தில் அந்தப் பாதை இல்லாமல் போக நான் விடுவதாக இல்லை.

தலைமை வரைவாளர் கண்டிப்பானவர். "குத்துமதிப்பா கோடு போட முடியாது மிஸ். நிலத்துல மூணு இடம் காட்டுங்க, போட்டுடலாம். வெள்ளிக்கிழம சாயங்காலம் தாள் அச்சுக்குப் போயிடும்."

அன்று மாலை பட்டியல் போட்டேன். தண்டவாளம், போய்விட்டது. சிலிப்பர் கட்டை, போய்விட்டது. சிக்னல் கம்பம், போய்விட்டது. தூக்கிக்கொண்டு போக முடியாதது எது? மழைத்தண்ணீர் வடிய பாதைக்கு அடியில் கட்டிய செங்கல் மதகுகள்.

"எத்தன மதகுப்பா இருந்துச்சு?"

அப்பா சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எட்டாவது மூட்டுல ஒண்ணு. முப்பத்தொண்ணுல ஒண்ணு. அறுபதுல பெருசு."

தண்டவாளத் துண்டுகள் சேரும் இடம் மூட்டு. ஒரு துண்டின் நீளம் எனக்குத் தெரியும். பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும்.

வியாழக்கிழமை, அளவு நாடா பிடிக்க அலுவலக ஆள் ஒருவரோடு போனேன். பிளாட்பாரத்தின் விளிம்பு திசையைக் காட்டியது. ஸ்டேஷன் வாசற்படியிலிருந்து அளந்து மூன்று இடத்தில் தோண்டினோம். மண், மண், மண். சைக்கிளில் போன துணிக்கடைக்காரர் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னா தங்கச்சி, ஜப்பான்காரன் தங்கத்தையும் பொதச்சிட்டுப் போனானா?"

"இல்லீங்க, மதகு."

"மதகா? அதுக்கு இவ்ளோ படிச்சீங்களா?"

அப்பாவிடம் அன்றிரவு கணக்கைக் காட்டினேன்.

"எங்கேருந்து அளந்த?"

"வாசற்படியிலேருந்து."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வாசப்படி டிக்கெட் வாங்குறவனுக்கும்மா. எங்களுக்கு அங்க என்னா வேல? இஞ்சினுக்குத் தண்ணி புடிக்கிற தொட்டிக்கிட்ட பேர் குடுத்துட்டுத்தான் நடக்க ஆரம்பிப்போம். அதுக்கு அடுத்த மூட்டுதான் ஒண்ணு."

கல்லூரியில் எல்லா அளவையும் முன்வாசலிலிருந்து தொடங்கிப் பழகியவள் நான். கூலியாளின் ஒன்று வேறு இடத்தில் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அப்பா மண்வெட்டியோடு முன்னால் நடந்தார். புல்லை விலக்கித் தொட்டியின் சிமெண்டு அடித்தளத்தைக் காட்டினார். நான் அங்கிருந்து அளந்தேன். எட்டாவது மூட்டில், முழங்கால் ஆழத்தில், மண்வெட்டி 'ணங்' என்றது. செங்கல்! புடவை சேறாவதைப் பற்றிக் கவலைப்படாமல் குழியில் இறங்கிக் கையால் மண்ணைத் தள்ளினேன். முப்பத்தொன்றும் கிடைத்தது. பெரிய மதகில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நண்பகலில் தலைமை வரைவாளரை நேரில் கூட்டிப்போனேன். மூன்று இடத்திலும் அவரே நாடா பிடித்தார். திரும்பி வரும்போது அவர் காற்சட்டை முழுக்கப் புல் விதை.

"போடுங்க மிஸ்," என்றார்.

மூன்று புள்ளிகளையும் சேர்த்துக் கறுப்பு மையில் கோடு இழுத்தேன். அதன் முனையில் சிறு கட்டம் ஒன்று வரைந்து 'பழைய ரயில் நிலையம்' என்று எழுதினேன்.

சாயங்காலம் செய்தியைக் கேட்டதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு காப்பிக்கடையில் இருப்பவர்களிடம் சொல்லப் போனார். திங்கட்கிழமை காலை, பாதையில் அவரோடு வேலை பார்த்த மூன்று பேர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள்.

"பாதையோரம் நாங்க தங்கியிருந்த குடிசையப் போட்டியாம்மா?" என்று அதட்டினார் ஒருவர்.

நாற்காலிகளை இழுத்துப் போட்டு, படத்தின் நகலை விரித்து, பென்சிலைச் சீவினேன். "எத்தனாவது மூட்டுல இருந்துச்சு? சொல்லுங்க."