அத்தான் கொண்டுவந்த காற்றுக்குழாய்

கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் சோப்பு கொண்டுவருவார்கள், சென்ட் கொண்டுவருவார்கள், பூப்போட்ட கம்பளி கொண்டுவருவார்கள். எங்கள் அத்தான், என் அக்காவின் கணவர், கடைசியாக வந்தபோது ஒரு அலுமினியக் குழாய் கொண்டுவந்தார். என் கை நீளம், நடுவில் ஒரு வளைவு, நுனியில் மாட்டச் சிவப்பாகக் கூம்பு வடிவில் ஒரு ஃபில்டர். பெட்டியில் போட்டால் நசுங்கிவிடும் என்று துண்டில் சுற்றிக் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழாய்மேல் எனக்கென்ன கோபம்? அது ஏறப்போகிற வண்டிதான் காரணம். அந்தப் பிக்கப் அத்தான் பணம் அனுப்பி வாங்கியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு வருஷம் ஓட்டியது நான். விடியுமுன் முட்டம் போய் மீன் ஏற்றி, குழித்துறைச் சந்தையில் இறக்கி, வண்டியைக் கழுவி அக்கா வீட்டு முற்றத்தில் நிறுத்துவேன். அவள் போடுகிற சோற்றைத் தின்றுவிட்டு என் வாடகை அறைக்குப் போவேன். அவளுக்குப் பிள்ளை இல்லை, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அந்தச் சோற்று நேரத்தில்தான் நாங்கள் இரண்டு வார்த்தை பேசுவோம். அத்தான் பன்னிரண்டு வருஷ வேலையை விட்டுவிட்டு, இனிப் போகவே மாட்டேன் என்று வந்து இறங்கினார். மூன்றாம் நாள் ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்து சீட்டுக்குப் போனேன்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையாவது பொறுத்திருப்பேன். முட்டத்தில் மீன் ஏலம் எடுக்கிறவர்கள் புது டிரைவரா என்று விசாரித்தபோது, என் முதுகில் தட்டி, வண்டி என்னுது, இவன் நமக்க கிளி என்றார். வண்டியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு போகிறவனை எங்கள் பக்கம் கிளி என்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, முப்பத்துநான்கு வயதில் நான் கிளியாகிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அத்தான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். வண்டியோடு வந்த ஃபில்டர் பெட்டி உள்ளே மேலாக இருக்கும். எஞ்சின் காற்று இழுக்கிற வாய் ஹெட்லைட்டை விட உயரம். அதனால்தான் பம்பர் முங்குகிற தண்ணீரில்கூட அந்த வண்டியை நான் கொண்டுபோயிருக்கிறேன். அத்தான் அந்தப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயை மாட்டி, சிவப்பு ஃபில்டரைக் கீழே, முன் பம்பருக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கீழே குளிர்ந்த காற்று கிடைக்குமாம், இழுவை கூடுமாம். அவர் இருந்த ஊரில் பிக்கப் வைத்திருக்கிற எல்லோரும் இப்படித்தானாம். அந்த ஊரில் மழை என்றால் ஃபோனில் படம் எடுத்து அனுப்புவார்கள். அவருக்கு மணல் தெரியும், வெயில் தெரியும். பன்னிரண்டு வருஷத்தில் லீவுக்கு வந்ததெல்லாம் கோடையில். நம் ஊர் ஐப்பசி அவருக்கு மறந்தே போய்விட்டது.

எனக்கு மறக்கவில்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். தகட்டில் ஓட்டை போட கட்டிங் மெஷினைப் பிடித்துக் கொடுத்தேன். கடைசி கிளாம்பை முறுக்கியதே நான்தான். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் உஸ்ஸென்று காற்றை உறிஞ்சியது. சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வந்து நின்றாள். அத்தான் கையெல்லாம் கரியோடு அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, புதுமாப்பிள்ளை தோற்றான். எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். கொள்ளாம் அத்தான், நல்லா இருக்கு என்றேன். பழைய பெட்டியைப் பத்திரமாக எடுத்துவை, என்றைக்காவது தேவைப்படும் என்றார். மறுநாளே பழைய சாமான் எடுக்கிற ஆக்கர் கடையில் அதைப் போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் மழைக்குக் காத்திருந்தேன். விவசாயிகூட அப்படி வானத்தைப் பார்த்திருக்க மாட்டான்.

மழை வந்தது. மூன்று நாள் விடாமல் அடித்து, நான்காம் நாள் காலை சாளை மீன் ஏற்றிக்கொண்டு வருகிறோம். குழித்துறை நெருங்கும்போது, ஆற்றை ஒட்டின தாழ்வான ரோட்டில் தண்ணீர் ஏறிக் கிடந்தது. அத்தான் வண்டியை நிறுத்தினார். அவருக்குப் பயம், முகத்தில் தெரிந்தது. இறங்கி ஆழம் பார்த்துவிட்டு வா என்றார். இறங்கினேன். கனமான லாரிகள் போய்ப் போய் அந்த ரோட்டின் நடு தாழ்ந்துவிட்டது, ஓரம் மேடு. நான் ஓரமாகவே நடந்தேன். கால்முட்டுவரைகூட நனையவில்லை. அக்கரையில் ஏறித் திரும்பி நின்று, வாருங்கள் என்று கையைக் காட்டினேன்.

வந்தார். நடுவில்தான் வருவார், வேறெங்கே வருவார்? பம்பர் முங்கியது. உஸ்ஸென்ற சத்தம் களக் களக்கென்று மாறியது, உள்ளே இரும்பு முறிகிற மாதிரி ஒரு அடி, வண்டி நின்றது. அவர் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தார். தண்ணீர் குடித்த எஞ்சினை அப்படிச் செய்யக்கூடாது. ஒரு குரல் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு பஸ் நின்றது, சந்தைக்குப் போகிற மீன்காரப் பெண்கள் நின்றார்கள், யாரோ ஃபோனில் படம் பிடித்தார்கள். அத்தான் தொடையளவு தண்ணீரில் இறங்கி, தனியாக வண்டியைத் தள்ளிப் பார்த்தார். நான் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் கைகொடுக்கப் போனேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒர்க் ஷாப்பில் எஞ்சினைப் பிரித்து, வளைந்த கனெக்டிங் ராடை மெக்கானிக் எடுத்துக் காட்டினார். அக்காவும் வந்திருந்தாள். இந்த ஊரில் எவனாவது ஃபில்டரை இவ்வளவு கீழே வைப்பானா, ஆறு வருஷம் ஓட்டின நீயாவது சொல்லக்கூடாதா என்று மெக்கானிக் என்னைக் கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அப்பமே சொன்னேன். யாரு கேட்டா?" என்றேன்.

அத்தான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. "ஆமா, இவன் சொன்னான். நான்தான் கேக்கல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டைக்கு வந்திருந்தால் நான் நாலு மடங்கு கத்தியிருப்பேன், கிளி என்று சொன்னதையும் எடுத்து வீசியிருப்பேன். இந்த மனுஷன் அதற்கும் வழி வைக்கவில்லை. அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் அதற்கு முன்னால் ஒருநாளும் வந்ததில்லை. அன்று மத்தியானம் அக்கா விளம்பிய சோற்றை நான் தலைநிமிராமல் தின்றேன், அதுவும் இரண்டாம் தடவை வாங்கித் தின்றேன்.

ஊரோடு இருந்து பிழைக்க அவர் சேர்த்து வைத்திருந்ததை எஞ்சின் வேலை விழுங்கிவிட்டது. பழைய கம்பெனிக்கு ஃபோன் போட்டார். இரண்டாம் மாதம் விசா வந்தது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அதே பிக்கப்பில்தான் போனோம், ஓட்டியது நான். அத்தான் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு ஆயில் மாற்றுவதைப் பற்றியும் டயரைப் பற்றியும் என்னிடம் பேசிக்கொண்டே வந்தார். அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்டுக்குள் போகுமுன் அத்தான் என் தோளைப் பிடித்து, பாத்துக்க மக்கா என்றார். சரி என்றேன்.

திரும்பும்போது அக்கா கதவோரமாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். களியக்காவிளை தாண்டியதும் பேசினாள்.

"நீ சொல்லவே இல்லன்னு எனக்கு அண்ணைக்கே தெரியும். அவருதான் ராத்திரி எங்கிட்ட சொன்னாரு. அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத, நான் போனா ஒனக்கு வேற ஆரு இருக்கான்னாரு. அதான் அவரு போறது வரைக்கும் நான் வாயத் தொறக்கல."

அக்கா என்றேன்.

"பன்னிரண்டு வருஷம் ஒத்தைக்குக் கெடந்தேன் லே. அஞ்சு மாசம்தான் எனக்க வீட்ல ஒரு ஆளு சத்தம் கேட்டுது. ஒனக்கு டிரைவர் ஆவணும். ஆயாச்சுல்லா, இனி டிரைவரா மட்டும் இருந்தா போதும். வண்டிய நிப்பாட்டிட்டு சாவிய ஜன்னல்ல வெச்சிட்டுப் போ. உள்ள வராண்டாம்."

வீடு வந்தது. முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கி உள்ளே போய், வாசலைச் சாத்திக்கொண்டு, ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்துவைத்தாள்.