என்னைக் கேக்காம என் சாவை முடிவு பண்ணாங்க

எனக்கு மலத்துல ரத்தம் போச்சு. மாதா சந்நிதியில நின்னு இதையெல்லாமா பேசறதுன்னு முகம் சுளிக்கிறவங்க சுளிச்சுக்கோங்க. வெட்கப்பட்டு ஏழு மாசம் வாயை மூடிக்கினு இருந்தேன். அதுவே என் உயிரைக் குடிக்கப் பார்த்துச்சு. இனிமே மூடமாட்டேன்.

என் பேர் ஞானம்மா. ஊரூர் குப்பத்துக்காரி. நாப்பது வருஷமா அபிராமபுரம் தெருவெல்லாம் கூடையில மீன் வித்தவ. தொண்ணூத்தஞ்சுல, மாதா கொடியேத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ரத்தம் ஆரம்பிச்சுது. மூலமா இருக்கும், உடம்புச் சூடா இருக்கும்னு நானே நினைச்சுக்கினேன். மோரும் வெந்தயமுமா குடிச்சேன். தவக்காலம் வர்றதுக்குள்ள எலும்பும் தோலுமா ஆயிட்டேன். ஒருநாள் தெருவுல கூடையை இறக்கி உக்காந்தவளால எழுந்திருக்கவே முடியல.

என் மகன் அந்தோணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனான். குழாய் விட்டுப் பார்த்தாங்க. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. மலக்குடல்ல புத்துநோய்.

டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்ல. மகன்கிட்ட சொன்னாரு: "எழுபத்தோரு வயசு. ஆபரேஷன் தாங்காது. வீட்டுல வச்சு நல்லா பார்த்துக்குங்க."

அந்தோணி தலையாட்டினான். வெளிய வந்து, "உன்னை இன்னாத்துக்கும்மா கஷ்டப்படுத்தணும்?"னு அழுதான்.

"நான் இன்னும் சாவல நைனா. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"ன்னேன். 

மறுநாள் காலையில தனியா இங்க, மாதா கோயிலுக்கு நடந்து வந்தேன். கெஞ்சல, சண்டை போட்டேன். "நோயை எடுன்னு கேக்கல தாயே. என் மூஞ்சியைப் பார்த்துப் பேசற ஒரு டாக்டரைக் காட்டு. காட்டற வரைக்கும் வருவேன்." ஒன்பது நாள் வந்தேன். வழியில நாலு இடத்துல உக்காந்து உக்காந்து வந்தேன்.

ஒன்பதாம் நாள், இனி மீன் கொண்டு வரமாட்டேன்னு சொல்லிட்டு வர அபிராமபுரம் போனேன். ஒரு வீட்டு அம்மா, ரிட்டயரான நர்ஸு, என் உடம்பைப் பார்த்துப் பதறிட்டாங்க. எல்லாத்தையும் கேட்டாங்க. "யாரு தாங்காதுன்னது? நாளைக்கு என்கூட வா"ன்னாங்க.

அடையாறுல ஒரு லேடி டாக்டர். கூட வந்த அந்தோணி பேச வாயைத் திறந்தான். அவங்க கையைக் காட்டி நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க.

"மாடி ஏறுவீங்களாம்மா?"

"போன வருஷம் வரைக்கும் கூடையோட ஏறினேன்."

சிரிச்சுட்டாங்க. நெஞ்சு, சர்க்கரை எல்லாம் சோதிச்சாங்க. அப்புறம் ஒளிக்காம சொன்னாங்க: "வயசு ஒரு தடை இல்ல. ஆனா ஆசனவாயை எடுத்துடணும். மலம் போக வயித்துல ஓட்டை போட்டுப் பை வைப்போம். அது கடைசி வரைக்கும் இருக்கும். உங்களுக்குச் சம்மதமா?"

உங்களுக்குன்னு கேட்டாங்க! நோய்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து அழாதவ, அங்க அழுதேன். நானே கைநாட்டு வச்சேன்.

ஈஸ்டர் முடிஞ்சு ஆபரேஷன். காய்ச்சல் வந்து செத்துப் பிழைச்சேன். அந்தப் பையை முதல்ல பார்த்தப்போ, ஏன்தான் பொழைச்சோமோன்னு இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன். குப்பத்துலயே சிலபேர் தள்ளி உக்காந்தாங்க. அவங்களுக்காக நான் வீட்டுக்குள்ள ஒளியணுமா? கழுவ, மாத்த நானே கத்துக்கினேன். அந்த வருஷத் தேருக்கு, பையோட முன்வரிசையில நடந்தேன்.

மூணு வருஷம் ஆயிடுச்சு. போன வாரமும் சோதிச்சுட்டு ஒண்ணும் இல்லன்னாங்க. கூடை தூக்கக்கூடாதாம். பீச் ரோட்டுல பலகை போட்டு விக்கிறேன்.

"அறுத்தது கத்தி. மாதா இன்னா பண்ணா?"னு கேக்கறாங்க. அந்த நர்ஸம்மா வீட்டு வாசலுக்கு என்னைக் கூட்டினு போனது யாரு? உக்காந்து உக்காந்து நடந்த காலுக்குத் தெம்பு குடுத்தது யாரு? எனக்குத் தெரியும். அவளுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்.

பெரியவங்களே, ரத்தம் போனா மறைக்காதீங்க, அன்னிக்கே போய்க் காட்டுங்க. பிள்ளைங்களே, உங்க அம்மாவுக்கு வாய் இருக்கு, அவளைக் கேளுங்க. யாருமே கேக்கலைன்னா இங்க வந்து மாதாகிட்ட சத்தம் போடுங்க. அவ கோச்சிக்கமாட்டா.