நிழல் போடத் தெரியாத கார்டு

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

2004. அலுவிகாரையில் ஒரு கடைக்கு மேல் வாடகை அறை. நானும் நண்பன் யஹ்யாவும் கம்ப்யூட்டர் கேம் ஒன்று செய்துகொண்டிருந்தோம். மறுநாள் அதன் சீடி கொழும்பில் ஒரு கேம் கம்பனிக்குப் போக வேண்டும். அந்தக் கம்பனிக்குப் பிடித்தால் இருவருக்கும் வேலை. இல்லையென்றால் நான் எஸ்டேட் ஆபீசுக்குப் போக வேண்டியதுதான். அப்பா அங்கே சொல்லியே வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டரில் படம் வரைகிற எங்கள் கிராபிக்ஸ் கார்டு பழசு. நிழல் போடத் தெரியாது. அது செய்யாததை நான் ப்ரோகிராம் எழுதிச் செய்ய வைத்தேன். விளக்கு எங்கே, பொருள் எங்கே என்று கணக்குப் பார்த்து நிழல் வரையும். ஒரு படம் வர ஒரு நிமிஷம். ஆமைகூட அலுத்துப்போகும்.

கேமில் வரும் அறை எங்கள் அறையேதான். யஹ்யா அதையே போட்டோ எடுத்துச் செய்திருந்தான். வேறு இடம் தேட யாருக்கு நேரம்? ஒரு விளக்கு, ஒரு மேசை, உட்கார மூலையில் கிடந்த ஒரு கதிரை. ஆள் யாரும் கிடையாது.

இரவு 8.40. மழை. படம் வந்தது.

மேசைக்கு நிழல். கதிரைக்கு நிழல். அதன் மேல்... ஒரு தலை.

கணக்கில் பிழை என்று எரிச்சலோடு கேமிலிருந்து கதிரையை அழித்தேன். காத்திருந்தோம். கதிரையின் நிழல் போயிருந்தது.

உட்கார்ந்திருந்த நிழல் போகவில்லை.

"மேசையையும் எடு மச்சான்" என்றான் யஹ்யா.

எடுத்தேன். அடுத்த படம் வந்தது. வெறும் அறை.

நிழல் எழுந்து நின்றிருந்தது.

"செபா... ஆஃப் பண்ணு."

"சீடி?"

"ஆஃப் பண்ணுடா!"

எங்களுக்குப் பின்னால், மூலையில்... க்ரீச்.

கதிரைச் சத்தம்.

திரும்பவில்லை. பயந்தோம், ஓடினோம். சொல்ல வெட்கமில்லை.

விடிந்ததும் வந்து கதிரையையும் மேசையையும் கேமில் திரும்ப வைத்தோம். ஓட்டிப் பார்க்காமலே சீடி எழுதினோம். பார்க்கும் தைரியம் இருவருக்குமே இல்லை.

அடுத்த வாரம் கம்பனியிலிருந்து மாணிக்கவாசகம் சார் போன் எடுத்தார்.

"வேலை உங்களுக்குத்தான் தம்பி."

சந்தோஷத்தில் யஹ்யாவின் தோளைக் குலுக்கினேன்.

"எங்க கார்டு புதுசு, நிழலை அதுவே போட்டுடும். அதனால உங்க ப்ரோகிராமை எடுத்துட்டோம்."

"சரிங்க சார்."

"ஒரே ஒரு பிழை இருக்கு. கதிரையில உக்காந்திருக்கிற ஆளை அவ்வளவு நல்லா செஞ்சிருக்கீங்க... ஆனா அவருக்கு மட்டும் நிழல் விழ மாட்டேங்குதே?"