சுவிட்சர்லாந்து வாத்தியார்

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் இருதயராஜுக்குச் சுவிட்சர்லாந்து வாத்தியார் என்று பெயர். அந்த நாட்டை அவன் பார்த்ததில்லை. போகாமல் போனதால்தான் அந்தப் பெயர் நிலைத்தது. போயிருந்தால் இதைவிட மரியாதையாக ஏதாவது கிடைத்திருக்கும்.

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவன். அப்பா பச்சைமுத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலத்தில் அதற்குக் கூலியாகப் போவார். மற்றக் காலத்தில் கூப்பிட்ட வேலைக்குப் போவார். மாதா கோயில் சாமியாரின் தயவில் இருதயராஜ் படித்தான்; சென்னையில் ஹாஸ்டலில் தங்கி 1936-இல் பி.ஏ. தேறினான். தேறிய பிறகு என்ன செய்வது என்று சேரியில் யாராலும் சொல்ல முடியவில்லை. அதுவரை யாரும் தேறியதில்லை. இரண்டு வருஷம் வேலைக்கு மனுப் போட்டான். கையெழுத்து அழகாக இருந்தது. இல்லை என்று வந்த பதில்கள் அதைவிட அழகாக டைப் அடிக்கப்பட்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்து மல்லாட்டை மண்டி முதலாளி ஆதிநாராயணனுக்குச் சீமையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய சரக்கைப் பிரான்சில் வாங்கும் வியாபாரி எழுதியிருந்தார். மல்லாட்டைத் தூசியில் இருபது வருஷம் உட்கார்ந்து முதலாளிக்கு மூச்சு இளைப்பு. சுவிட்சர்லாந்து மலைக்காற்றில் இரண்டு மாதம் இருந்தால் குணமாகும், நானும் அங்கே வந்து சந்திக்கிறேன் என்றது கடிதம். அதை இங்கிலீஷிலிருந்து படித்துச் சொன்னவன் இருதயராஜ். முதலாளிக்கு அவன் படித்த விதம் பிடித்துவிட்டது.

"நீயும் கூட வர்ற. மூட்ட தூக்க இல்ல, பேச. அதுக்கு முன்னால அந்த ஊரு வழக்கமெல்லாம் எனக்குச் சொல்லிக் குடு."

சீமைக்குப் போய் வந்தவனுக்கு எந்த ஆபீஸிலும் நாற்காலி கிடைக்கும் என்பது இருதயராஜுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோகூட எடுத்தாயிற்று. வழக்கம் மட்டும்தான் தெரியாது. சாமியாரிடம் அட்டை கிழிந்த ஒரு பிரயாண வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. இரவல் வாங்கினான்.

தினமும் சாயங்காலம் மண்டியில் பாடம் நடந்தது. முதலாளி மேலே பாயில் உட்கார்ந்திருப்பார். வாத்தியார் கீழே களத்தில் நிற்பான்.

"ரயிலு யாருக்காகவும் ஒரு நிமிஷம்கூட நிக்காதுங்க. கடைக்குள்ள போனா மொதல்ல கடக்காரருக்கு வணக்கம் சொல்லணும், அப்புறம்தான் சாமான் கேக்கணும். மலைப் பாதையில எதிர வர்றவங்க தெரியாத ஆளா இருந்தாலும் வணக்கம் சொல்லணும். வெயில நம்பிக் கம்பளிய வுட்டுட்டுப் போகக்கூடாது. ஞாயித்துக்கெழமை சத்தம் போடக்கூடாது, துணி காயப் போடக்கூடாது."

"ஏன், துணி இன்னா பாவம் பண்ணுச்சி?"

"எழுதலீங்க."

"சரி, மேல சொல்லு."

"ஊருக்கு நடுவுல கல்லுத் தொட்டி இருக்குதுங்க. மலைத் தண்ணி குழாயில சதா ஊத்திக்கினே இருக்குமாம். யாரு வேணும்னாலும் கைய நீட்டிக் குடிக்கலாம்."

"யாரு வேணும்னாலும்னா?"

"அவ்ளோதாங்க எழுதியிருக்குது."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "தண்ணி நல்லாருக்குமா?" என்று கேட்டார்.

கைகுலுக்கும் பாடம் வந்தபோதுதான் சிக்கல். அந்த நாட்டில் பார்த்தவுடன் குலுக்க வேண்டும், விடைபெறும்போதும் குலுக்க வேண்டும். பழகிக்கொண்டால் நல்லது என்றான் இருதயராஜ். முதலாளி தம் கையைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக் கைப்பிடியைத் தாம் வைத்துக்கொண்டு நுனியை நீட்டினார்.

"புடி. எத்தினி தடவ ஆட்டணும்?"

"ரெண்டு மூணு தடவைங்க. கண்ணப் பாத்து ஆட்டணும்."

குடை மேலும் கீழும் ஆடியது. முதலாளி அவன் கண்ணைச் சரியாகத்தான் பார்த்தார். சொல்லிக் கொடுத்தவனின் பார்வைதான் குடைக்கம்பியைத் தாண்டி மேலே ஏறவில்லை. பி.ஏ.யில் இதற்குப் பாடம் இருக்கவில்லை.

களத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த குப்பம்மாள், "இன்னா மொதலாளி, கொடைக்குக் குளிர் ஜொரமா?" என்றாள். கூட இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்து வாத்தியார் என்ற பெயரை வைத்ததும் அவள்தான்.

புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தை இருதயராஜ் தினமும் தாண்டிக்கொண்டு போனான். மலை விடுதிகளில் சாப்பாட்டுக்கு ஒரே நீளமான மேசைதான். வந்த வரிசைப்படி உட்கார வேண்டும். பிரபுவும் அவருடன் வந்த குமாஸ்தாவும் அடுத்தடுத்து உட்காருவது சகஜம். தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அதில் எழுதியிருந்தது. இதைப் படித்துக் காட்டினால் தன் பிரயாணம் முடிந்தது. மறைப்பது பொய்யாகாது, பாடத்தில் இன்னும் அந்த இடம் வரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். இப்படி மூன்று வாரம் அந்த இடம் வரவில்லை.

கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போது முதலாளியின் மனைவி ருக்கு மண்டியை ஒட்டிய வீட்டுக்குள் இருந்தபடி கேட்டாள்:

"ஏம்பா, சாப்பாட்டப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே. அவரு எங்க சாப்புடுவாரு, நீ எங்க சாப்புடுவே?"

சமையற்கட்டுப் பக்கம் என்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் அங்கேயும் போய்ச் சமையற்கட்டுப் பக்கம்தான் உட்கார வேண்டும். புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் கடைசி வரை படித்தான்.

முதலாளி கோபப்படவில்லை. தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அங்க ஒக்காந்து சாப்புடறதுல ஒண்ணுமில்லப்பா. யாரு பாக்கப் போறாங்க? திரும்பி வருவோமே, அதான். ரெண்டு மாசம் பக்கத்துல ஒக்காந்து சாப்புட்டவன் வந்து களத்துல நின்னா என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது? பேஜாராப் பூடும்."

களத்தில் நிற்க வேண்டாமே, இங்கேயும் பக்கத்தில் உட்காரலாமே என்ற இன்னொரு வழி அவருக்குத் தோன்றவில்லை. இருதயராஜுக்குத் தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. பிறகு வெகுகாலம் அவன் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அதுதான்: அந்தப் பக்கத்தைப் படிக்க இருந்த தைரியம் இதைச் சொல்ல ஏன் இல்லை?

முதலாளி தம் மைத்துனன் சீனுவாசனைக் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. சீனுவாசனுக்கு இங்கிலீஷ் வராது; பக்கத்தில் உட்காரத் தெரியும். வழக்கங்களை எல்லாம் தமிழில் ஒரு நோட்டில் எழுதித் தரும்படி இருதயராஜிடம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தான்.

"அந்த ஒரு பக்கத்தக் கிழிச்சிப் போட்டிருக்கலாம் இல்லடா?" என்றார் பச்சைமுத்து.

"சாமியாரு புத்தகம்பா."

"அவருதான பாவ மன்னிப்புக் குடுக்குறவரு."

ஐப்பசியில் முதலாளி திரும்பினார். கன்னம் சிவந்து, இளைப்பு பாதியாகி இருந்தது. இருதயராஜுக்கு ஆள் அனுப்பினார். அவன் களத்தில் வந்து நின்றான்.

"நீ எழுதிக் குடுத்தது அத்தினியும் சரிப்பா. ரயிலு, வணக்கம், கம்பளி, எல்லாம். ஒண்ணுதான் தப்பு. நீட்டு மேசையே கெடையாது. சின்னச் சின்ன மேசைங்க, தனித்தனியா. ஓட்டல்காரன கேட்டா சிரிக்கிறான். அதெல்லாம் அவன் தாத்தா காலமாம்."

புத்தகத்தில் அட்டை இல்லை. எந்த வருஷம் அச்சிட்டது என்று பி.ஏ. படித்தவன் ஒரு நாளும் கேட்கவில்லை.

"மின்னாடியே தெரிஞ்சிருந்தா உன்னியே இட்டுக்கினு போயிருப்பேன்" என்றார் முதலாளி. "சீனுவாசன் ரெண்டு மாசமும் வாயத் தொறக்கல."

"எனக்கு எங்கங்க மேசை போட்டிருப்பாங்க?"

"சொவத்தோரமா ஒண்ணு காலியாவே கெடந்துது. ஜன்னல் பக்கம். மலை நல்லாத் தெரியும்."

மனசார, ஒரு பரிசு கொடுப்பதைப் போலத்தான் சொன்னார். போயிருந்தால் தானும் அந்தச் சுவரோரத்தில் உட்கார்ந்து, மலையைப் பார்த்துக்கொண்டு, நன்றியோடு சாப்பிட்டிருப்போம் என்பது இருதயராஜுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதுதான் உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் பச்சைமுத்து கேட்டார்:

"சீமையிலருந்து இன்னாடா கொண்டாந்தாரு உனக்கு?"

"ஒரு மேசை குடுத்தாருப்பா."

பச்சைமுத்து எழுந்து நின்று குடிசையின் நான்கு மூலையையும் பார்த்தார்.

"அத எங்கடா போடறது இங்க?"